பிலிப்பைன்ஸில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கோயம்புத்தூரில் வேளாண்மை இளங்கலை முடித்துவிட்டு, பிலிப்பைன்ஸில் லோஸ் பான்யோஸ் என்ற ஊரில் பயிர் இனப்பெருக்கத்தில் முதுகலை படிக்கிறாள். போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கட்டணம், விசா, விமானம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள், வகுப்பில் என்ன நடக்கிறது, என் பெண் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பதுதான் தெரியவில்லை.

போன வாரம் தொலைபேசியில், "அப்பா, எனக்கு 1.25 வந்திருக்கிறது!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. நூற்றுக்கு ஒன்றேகாலா? அவள் சிரித்துவிட்டு, "இங்கே 1 என்றால்தான் முதல் மதிப்பெண், 5 என்றால் பெயில்" என்று விளக்கினாள். அன்று இரவு படுக்கும்போது நினைத்தேன். மதிப்பெண்ணையே தலைகீழாக எண்ணுகிற ஊரில் என் மகள் இருக்கிறாள், அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள், பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

நெல்வயல்:

வணக்கம் ஐயா. லோஸ் பான்யோஸ் என்று படித்ததும் கைவேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடம் அங்கே இருந்தேன். முனைவர் பட்டம் அங்கேதான்.

உங்கள் மகள் இருக்கும் இடம் மக்கிலிங் மலையின் அடிவாரம். மணிலாவுக்குத் தெற்கே லகூனா மாகாணம். வெந்நீர் ஊற்றுகள் இருப்பதால்தான் ஸ்பானியர்கள் குளியல்கள் என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார்கள். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரி 1909-இல் அங்கே தொடங்கியது. 1960-இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஐ.ஆர். 8 நெல் ரகம் பிறந்த மண் அது. நம் எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்த நிலையத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். ஆகவே தமிழ் முகம் அந்த ஊருக்குப் புதிதில்லை.

நான் பல்கலைக்கழக வாசலுக்கு அருகில் ஒரு வீட்டின் மாடியறையில் தங்கியிருந்தேன். கீழே அந்த வீட்டு அம்மா சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தினார். எல்லாரும் அவரை நானாய் என்று கூப்பிடுவார்கள். அம்மா என்று அர்த்தம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவருடைய கடைசிப் பெண் அப்போது ஏழாம் வகுப்பு. அந்த நாட்டுப் பள்ளியை நான் பார்த்தது பெரும்பாலும் அந்தப் பெண்ணின் வழியாகத்தான்.

முதலில் தாள் விஷயத்தைச் சொல்கிறேன். அங்கே ஆசிரியர் திடீரென்று, "கால் தாள் எடுங்கள்" என்பார். சிறுதேர்வு என்று அர்த்தம். கால் தாள், நெடுக்கில் அரைத்தாள், குறுக்கில் அரைத்தாள், முழுத்தாள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டாகக் கடையில் விற்பார்கள். எல்லாரும் எல்லாக் கட்டும் வாங்க முடியாது. "தாள் எடுங்கள்" என்ற சொல் விழுந்ததும் வகுப்பில் பாதிப் பேர் திரும்பி, கட்டு வைத்திருக்கிறவரிடம் கை நீட்டுவார்கள். இந்தப் பெண் திங்கட்கிழமை புதுக் கட்டோடு போவாள், செவ்வாய்க்கிழமை அட்டையோடு திரும்புவாள். நானாய் திட்டுவார். "வியாழக்கிழமை நான் அவர்களிடம் வாங்கிக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிடப் போவாள்.

அடுத்தது கூட்டுகிற முறை. ஒவ்வொரு நாளும் ஒரு வரிசைப் பிள்ளைகள் வகுப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். முற்றத்துக்கு நம் ஊர் ஈர்க்குமாறு போலவே ஒன்று, அறைக்குள் மெதுவான புல் துடைப்பம். பழைய மரத்தரை வகுப்புகளில் மெழுகு தடவி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையை ஒரு காலால் மிதித்து முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். மட்டைக்குப் பெயர் புனோட். நான் ஒரு நாள் அந்தப் பள்ளிக்குப் போனபோது நான்கு பெண்கள் ஆளுக்கொரு மட்டையில் கால் வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு வரிசையாகத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். தரையில் என் முகம் தெரிந்தது.

கடைசியாக, ஐயா, நான் மறக்கவே மாட்டாத ஒன்று. வருட முடிவில் பரிசளிப்பு விழா. அங்கே பதக்கத்தைத் தலைமையாசிரியர் அணிவிப்பதில்லை. பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டதும் பெற்றோர் கூடவே மேடையேற வேண்டும். அம்மாவோ அப்பாவோதான் பிள்ளையின் கழுத்தில் பதக்கம் போடுவார். நானாய் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். விழாவுக்கு முந்தின இரவு பக்கத்து வீட்டிலிருந்து செருப்பு இரவல் வாங்கி வந்து கூடத்தில் நடந்து பார்த்தார். காலையில் எழுந்ததும் கலமான்சி என்ற சின்ன எலுமிச்சையை அறுத்துக் கை இரண்டையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கையில் மீன் வாடை இருக்கும் என்று பயம். மேடையில் பதக்கத்தின் நாடா பெண்ணின் தலைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டது. இருவரும் அதை எடுக்கத் தடுமாற, கீழே உட்கார்ந்திருந்த மொத்தக் கூட்டமும் அவர்கள் எடுத்து முடிக்கிற வரை கைதட்டியது. நான் பள்ளியில் பரிசு வாங்கியபோது என் அம்மா கடைசி வரிசையில் நின்று எட்டிப் பார்த்தார். அன்று எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

கடலோரம்:

நெல்வயல் அண்ணா, பதக்கம் போடும் இடத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் மணிலாவில் ஐந்து வருடம் இருந்தேன். கணவருக்கு அங்கே வேலை. பையன் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான்.

எங்கள் வீட்டில் முதலில் வந்த கலவரம் "போ" என்ற சொல்லால்தான். தகாலோக் மொழியில் பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்தில் "போ" சேர்க்க வேண்டும். அது மரியாதை. ஆமாம் என்பதற்கு "ஓப்போ". பள்ளியில் பிள்ளைகள் நாள் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகுவார்கள். ஒரு நாள் கும்பகோணத்திலிருந்து என் மாமியார் பேசினார். "சாப்பிட்டாயா கண்ணா?" என்று கேட்டார். இவன் ரொம்பப் பணிவாக, "சாப்பிட்டேன் போ" என்றான். பாட்டி பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு என்னிடம், "பிள்ளையை என்ன இப்படி வளர்க்கிறாய்?" என்று ஆரம்பித்தார். அது மரியாதைச் சொல் என்று அவரை நம்ப வைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

இன்னொன்று மானோ. வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியவரின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து ஆசி வாங்குவது. பையன் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டு வந்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பாட்டியின் கையைப் பிடித்து நெற்றியில் வைத்தான். "போ" கோபம் அன்றோடு போயிற்று.

பள்ளியில் மூத்த மாணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அவன் கூயா, அதாவது அண்ணன். மூத்த மாணவி ஆத்தே, அக்கா. பஸ் ஓட்டுகிறவரும் கூயாதான், கடைக்காரப் பெண்ணும் ஆத்தேதான். நம் ஊரில் முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிற அதே பழக்கம். ஐயா, உங்கள் மகளுக்கு இது ஒன்றே பாதி வீட்டு நினைவைத் தீர்த்து வைத்திருக்கும்.

ஆகஸ்டு மாதம் முழுவதும் மொழி மாதம் கொண்டாடுவார்கள். தேசிய மொழிக்காக நின்ற ஜனாதிபதி மனுவேல் கெசோன் பிறந்தது ஆகஸ்டு 19. அதையொட்டி வந்த கொண்டாட்டம் அது. வகுப்பு முழுவதும் வரிசையாக நின்று ஒரே கவிதையைச் சேர்ந்து ஒப்பிக்கும் போட்டி ஒன்று உண்டு. நாற்பது பிள்ளைகள், குரலை ஏற்றி, இறக்கி, நடுவில் பாதிப் பேர் நிறுத்தி, மீதிப் பேர் தொடர்ந்து. ஒரு மாதம் மாலை நேரமெல்லாம் பயிற்சி. என் பையனுக்கு மொழி சரியாக வராத காலத்திலேயே முழுக் கவிதையும் மனப்பாடமாகிவிட்டது. அர்த்தம் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஆசிரியரைக் குறிக்கும் சொல் "குரோ" என்று அவன் வந்து சொன்னபோது நான் விழித்தேன். நம் குருதான், கடல் தாண்டி என்றோ போய் அங்கே குடியேறியிருக்கிறது. முகத்துக்கு "முக்ஹா".

கேள்விக்குறி:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாராவது கேட்டாக வேண்டிய கேள்வியை நான் கேட்கிறேன். பழக்கவழக்கம் சரி, படிப்பு எப்படி?

பள்ளிப் பிள்ளைகளின் படிப்புத் திறனை அளக்க 2018-இல் நடந்த பன்னாட்டு பிசா தேர்வில் 79 நாடுகளும் பொருளாதாரங்களும் கலந்துகொண்டன. வாசிப்பில் பிலிப்பைன்ஸ் கடைசி. மதிப்பெண் 340. 2022-இல் வாசிப்பில் 347, கணிதத்தில் 355. வளர்ந்த நாடுகளின் சராசரி அப்போது 470-க்கு மேல். பதினைந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோரால் ஒரு பத்தியைப் படித்து அதன் கருத்தைச் சொல்ல முடியவில்லை என்பதுதான் இதன் அர்த்தம். தேங்காய் மட்டையால் தரை தேய்ப்பதை நாம் ரசிக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் கணக்குப் போட்டிருக்கலாமே? யாரையும் புண்படுத்த எழுதவில்லை. நானும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

நெல்வயல்:

சரியான கேள்வி நண்பரே. எண்கள் உண்மை. அந்த நாட்டிலேயே அதை யாரும் மறைக்கவில்லை. 2022-இல் நாடாளுமன்றமே கல்விக்கென்று ஓர் ஆணையம் அமைத்து, என்ன கெட்டது என்று ஆராய வைத்தது. நாம் பேசும்போது ஒன்றையும் சேர்த்துப் பேசுவோம். 2009 பிசா சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. இரண்டும் பட்டியலின் அடியில் வந்தன. அதன்பின் 2012, 2015, 2018, 2022 எதிலும் இந்தியா எழுதவில்லை. அவர்கள் கடைசியில் வந்தபிறகும் திரும்ப உட்கார்ந்து எழுதினார்கள். அதற்காகவே எனக்கு அவர்கள் மேல் மதிப்பு உண்டு.

ஏன் இப்படி என்று கேட்டால் எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

ஒன்று, இடம். பெரிய நகரங்களில் ஒரே வகுப்பறையில் காலையில் ஒரு கூட்டம், பகலில் ஒரு கூட்டம் என்று படிக்கும் பள்ளிகள் நிறைய. காலை ஆறு மணிக்கு மணி அடிக்கிற பள்ளிக்குப் பிள்ளை நாலரை மணிக்கு எழ வேண்டும்.

இரண்டு, வருடங்கள். 2013-இல் சட்டம் வரும்வரை அங்கே பள்ளிப் படிப்பு மொத்தம் பத்தே ஆண்டு. பதினாறு வயதில் கல்லூரி. அதன் பிறகுதான் 11, 12 வகுப்புகள் வந்தன. மேல்நிலை வகுப்பின் முதல் தொகுதி 2018-இல்தான் வெளியே வந்தது. முழுநாட்டையும் பாதி வழியில் வேறு தண்டவாளத்துக்கு மாற்றினார்கள். அது நிலைகொள்ளும் முன்பே பெருந்தொற்று வந்து பள்ளிகளை நீண்ட காலம் மூடிவிட்டது.

மூன்று, மொழி. இதில்தான் எனக்கு ஆதங்கம். அந்த நாட்டில் நூற்றுக்கு மேல் மொழிகள். வீட்டில் செபுவானோவோ இலோகானோவோ வராயோ பேசுகிற பிள்ளை, பள்ளிக்கு வந்ததும் தகாலோக்கை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோவையும் ஆங்கிலத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். 1901-இல் தாமஸ் என்ற கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கியதிலிருந்து ஆங்கிலம் அங்கே வகுப்பறையின் மொழி. 2013 சட்டம் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பிக்கச் சொன்னது. 19 மொழிகளில் கற்பித்தார்கள். பாடநூல் போதவில்லை, பயிற்சி போதவில்லை. 2024-இல் இன்னொரு சட்டம் வந்து அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. நட்ட நாற்றுக்குத் தண்ணீர் விடாமல், விளையவில்லை என்று பிடுங்கியது போல எனக்குப் பட்டது. தாய்மொழி வழிப் படிப்பைப் பற்றி நம்மிடம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தரை தேய்க்கிற அரை மணி நேரத்தைப் பற்றி உங்களோடு நான் உடன்படவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் போனது அந்த அரை மணி நேரத்தால் இல்லை. அறுபது பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் எந்த ஊரிலும் கணக்கு வராது.

படிப்பின் மேல் அவர்களுக்கு இருக்கிற பிடிப்புக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். கவீத்தே நகரில் எஃப்ரென் பெனாஃப்ளோரிதா என்ற இளைஞரும் நண்பர்களும் தள்ளுவண்டியில் புத்தகம், கரும்பலகை, மேசை எல்லாம் ஏற்றிக்கொண்டு குப்பைமேட்டுக்கும் கல்லறைக்கும் தெருமுனைக்கும் போய், பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். 2009-இல் சி.என்.என். அவரை அவ்வாண்டின் நாயகராகத் தேர்ந்தெடுத்தது. வண்டி தள்ளியவர்களில் பலர் பதின்வயதுப் பிள்ளைகள்தான். இன்னொன்று சம்போவங்காவில். லயாக்-லயாக் என்ற கடலோரக் குடியிருப்பின் பிள்ளைகள் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நீந்தியும் தண்ணீரில் நடந்தும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2010-இல் செய்தி கேட்ட சிலர் பணம் திரட்டி மஞ்சள் வண்ணப் படகு செய்து கொடுத்தார்கள். அது மஞ்சள் படகு என்ற பெயரிலேயே ஓர் இயக்கமாகி மற்றத் தீவுகளுக்கும் போனது. நீந்திப் போகிற பிள்ளையைப் பற்றி, அதற்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று எந்தத் தேர்வும் சொல்ல முடியாது.

தாவோ மூன்றாமாண்டு:

வணக்கம். நான் தெற்கே மிண்டனாவோ தீவில் தாவோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே தமிழ் மாணவர்கள் நிறைய. இந்த இழையைப் பார்த்து மருத்துவம் படிக்க வர நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று. இங்கே நம் எம்.பி.பி.எஸ். இடத்தில் இருக்கிற எம்.டி. படிப்பு நான்கு ஆண்டு. வெளிநாட்டில் படித்தவர் இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய, இந்திய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதி 54 மாதப் படிப்பும், அதன்மேல் அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் கேட்கிறது. எனக்குச் சேர்க்கை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் இந்தக் கணக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் தந்தை பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டு தூக்கமில்லாமல் கிடந்தார். ஆணையத்தின் விதியை நீங்களே படித்து, கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இனி வாழ்க்கை. மணிலாவில் ஜீப்னி என்ற பயணிகள் வண்டியை நிறுத்த "பாரா போ" என்பார்கள். தாவோவில் "லுகார் லாங்" என்று சொல்ல வேண்டும். முதல் நாள் எனக்கு அது தெரியாமல் மூன்று தெரு தாண்டி இறங்கினேன். ஜீப்னியில் காசு கொடுக்கிற அழகே தனி. ஓட்டுநருக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்தால் காசைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுப்போம். கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போகும். சில்லறை அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். ஒரு முறைகூட எனக்குக் குறைந்ததில்லை. மாணவர்களுக்கு 20 சதவீதம் கட்டணச் சலுகை. அது 2019 முதல் சட்டமே ஆகிவிட்டது.

இங்கே மொழி தகாலோக் இல்லை, பிசாயா. பாடம் முழுவதும் ஆங்கிலம். ஆனால் வார்டுக்குப் போனால் பாட்டி ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிசாயாவில்தான் பேசுவார். "ஆசா மான் அங் சகித்?" என்றால் எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுக்க என் குழுத் தோழி ஒரு மாலை முழுவதும் நோயாளி போல நடித்துக் காட்டினாள். "நீ வாக்கியத்தைச் சரியாகச் சொல்கிறாய், ஆனால் காவல்துறை விசாரணை போல இருக்கிறது. பாட்டியின் கையைத் தொட்டுக்கொண்டு கேள்" என்றாள். அடுத்த நாள் அப்படியே கேட்டேன். பாட்டி வலியைச் சொல்லிவிட்டு, "நிகாவோன் நா கா?" என்று என்னைக் கேட்டார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நோயாளி மருத்துவ மாணவனைக் கேட்கிறார்!

விடுதிப் பக்கத்துக் கடையில் கோழிச் சாற்றில் ஒரு கீரை மிதக்கும். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, முருங்கைக்கீரை. பெயர் கேட்டேன். "மலுங்கை" என்றார் கடைக்காரப் பெண். அன்று முதல் அந்தக் கடைதான் எனக்கு.

வடமராட்சி:

நான் இலங்கையைச் சேர்ந்தவன். 2013 நவம்பர் 8-இல் யோலாந்தா என்று அவர்கள் பெயரிட்ட ஹையான் சூறாவளி அடித்தபின், நிவாரணப் பணிக்காக தக்லோபான் நகருக்குப் போனேன். அதனால் நான் பார்த்தது வேறு மாதிரியான மாணவ வாழ்க்கை.

அந்த நாட்டில் சூறாவளி வந்தால் மக்கள் தஞ்சம் புகுவது பள்ளிக்கூடங்களில்தான். எங்கள் ஊரிலும் போர்க்காலத்திலும் 2004 ஆழிப்பேரலையிலும் அதுதான் நடந்தது. ஆகவே வகுப்பறையில் பாய் விரித்துக் குடும்பங்கள் படுத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு அது அந்நிய நாடாகத் தெரியவில்லை. 2014 ஜனவரியில் கூடாரங்களில் வகுப்புகள் தொடங்கின. ஒரு வகுப்பில் ஆசிரியை வருகைப் பதிவேடு எடுத்தார். சில பெயர்களைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. அவர் அந்தப் பெயர்களைத் தாண்டிப் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் சிறிது நேரம் நின்றார். பிள்ளைகளும் அசையாமல் நின்றார்கள். பிறகு அவர் கணக்குப் பாடத்தைத் தொடங்கினார். வெயிலில் கூடாரத்துக்குள் நெருப்பாகக் கொதித்தது. ஒரு பிள்ளைகூட எழுந்து வெளியே போகவில்லை.

கேள்விக்குறி கேட்ட கணக்கு மதிப்பெண்ணுக்குள் இந்த நாட்களும் இருக்கின்றன. மழைக்காலம் முழுவதும் அங்கே சூறாவளி எச்சரிக்கையைப் பொறுத்துப் பள்ளி மூடும். பெருந்தொற்றுக்காலத்தில் கல்வியாண்டைத் தள்ளியதால் ஏப்ரல், மே வெயிலில் வகுப்பு நடத்த வேண்டி வந்தது. 2024 ஏப்ரலில் வெப்பம் தாங்காமல் நாடெங்கும் பள்ளிகளை மூடினார்கள். பழையபடி ஜூனில் பள்ளி தொடங்கும் முறைக்குத் திரும்பியதற்கு அதுவும் காரணம்.

கேள்விக்குறி:

வடமராட்சி அண்ணா, அந்த வருகைப் பதிவேட்டைப் படித்தபின் எனக்கு எதிர்வாதம் எழுதத் தோன்றவில்லை. மதிப்பெண் குறைவு என்ற என் கவலை மாறவில்லை. அதைச் சொன்ன தோரணைக்கு வருந்துகிறேன்.

இன்னொன்று கேட்கிறேன். இவ்வளவு ஏழ்மையில் கல்லூரிச் செலவை யார் பார்க்கிறார்கள்?

நெல்வயல்:

2017-இல் வந்த சட்டத்தின்படி அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அது பெரிய திறப்பு. ஆனால் அறை வாடகை, சாப்பாடு, பயணம் இருக்கிறதே. அதைப் பெரும்பாலும் ஏற்கிறவர் மூத்த பிள்ளை. "பாங்கனாய்" என்பார்கள். முதலாவதாகப் பிறந்தவர். நானாயின் மூத்த பெண் செவிலியர் படிப்பு முடித்து ரியாத் போனாள். அவள் அனுப்பிய பணத்தில் இரண்டாவது பையன் பொறியியல் படித்தான். அவன் வேலைக்குப் போனதும் கடைசிப் பெண்ணை ஏற்றுக்கொண்டான். யாரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடவில்லை. ஓர் அலை முடிந்ததும் அடுத்த அலை என்பது போல நடந்தது.

அந்தப் பையன் அரசு உரிமத் தேர்வில் தேறிய அன்று மாலையே வீட்டு வாசலில் பெரிய பிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். அவன் படம், பெயர், பெயருக்கு முன்னால் இஞ்சினியர் என்ற பட்டம். கீழே, "பெருமையோடு, உன் குடும்பம்". நம் ஊரில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தலைவர் வருகைக்கும் கட்டுகிறோம். அங்கே தெருவுக்குத் தெரு தேர்வில் தேறிய பிள்ளையின் முகம் தொங்கும். சாயம் வெளுத்து எழுத்து அழிகிற வரை யாரும் கழற்றுவதில்லை. ரியாத்திலிருந்து அக்கா காணொளியில் பார்த்தாள். "பேனரை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்துக் கட்டுங்கள், மரம் அவன் காதை மறைக்கிறது" என்று மட்டும் சொன்னாள். பிறகு இணைப்பை அவளே துண்டித்துவிட்டாள்.

கடலோரம்:

அண்ணா, அந்த அக்கா ஏன் இணைப்பைத் துண்டித்தாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்கு உங்கள் அளவுக்கு நிறைவு இல்லை.

எங்கள் குடியிருப்பில் வேலை பார்த்த பெண் ஒருத்திக்கு வரைவதில் அப்படியொரு கை. கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டாள். வீட்டில் மூத்தவள், கீழே நான்கு பேர். செவிலியர் படித்தால் வெளிநாடு போகலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அதற்கும் பணம் போதாமல் இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். கோபமில்லையா என்று கேட்டேன். "உத்தாங் நா லோஓப்" என்றாள். உள்ளத்தின் கடன் என்று சொல்லலாம். பெற்று வளர்த்தவர்களுக்குப் பட்ட கடன், அடைத்துத் தீராது. அவள் அதை முழு மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சு கனத்தது. நம் வீடுகளிலும் தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தன் வாழ்க்கையைத் தொலைத்த அண்ணன்மார் எத்தனை பேர்? அழகு என்று மட்டும் சொல்லி இதை விட்டுவிடாதீர்கள்.

நெல்வயல்:

நீங்கள் சொல்வது சரி அம்மா. நான் கடைசிப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தேன், நீங்கள் மூத்த பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். ரியாத் அக்காவை நான் நேரில் பார்த்ததே ஒருமுறைதான். வீட்டுக்கு வந்த பத்து நாளும் அவள் தூங்கிக்கொண்டேதான் இருந்தாள்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று நாளாக வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். "போ" கதையை என் மனைவி இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மகளிடம் நேற்றுக் கேட்டேன், உனக்கு அங்கே தாள் கொடுக்கிறது யார் என்று. "உங்களுக்கு எப்படி அப்பா அது தெரியும்?" என்று ஆச்சரியப்பட்டாள். அரைமணி நேரம் அவளே பேசினாள், இதுவரை இப்படிப் பேசியதில்லை. அவளோடு படிக்கும் பையன் ஒருவன் இரவில் உணவகத்தில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் ஆய்வகத்துக்கு வருகிறானாம். இவள் அவனுக்குக் குறிப்பு எடுத்துக் கொடுக்கிறாளாம்.

அடுத்த வருடம் பட்டமளிப்பு. நானும் மனைவியும் போவதென்று முடிவு செய்துவிட்டோம். நெல்வயல் தம்பி, நாங்கள் என்ன உடுத்திக்கொண்டு வருவது? மகள் புடவை கட்டலாமா? கறுப்பு அங்கி போடுவார்களா?

நெல்வயல்:

ஐயா, தாராளமாகப் புடவை கட்டச் சொல்லுங்கள். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் கறுப்பு அங்கி கிடையாது. சப்லாய் என்ற நெய்த பட்டையைத் தோளில் குறுக்காகப் போடுவார்கள். விழா தொடங்கும்போது அது வலத் தோளில் இருக்கும். பட்டம் அறிவித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் இடத் தோளுக்கு மாற்றுவார்கள். அந்தப் பட்டையில் இருக்கிற கோலம் போன்ற வடிவம் பைபாயின் என்ற அவர்களுடைய பழைய எழுத்து. நம் எழுத்தைப் போலவே பிராமி வழியில் வந்தது. பட்டுப் புடவையின் மேல் அது நன்றாக இருக்கும். நான் வேட்டி சட்டையின் மேல் போட்டேன்.

நீங்களும் வேட்டியிலேயே வாருங்கள். வரும்போது முறுக்கும் அதிரசமும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள். பயணம் வருகிறவர் கொண்டுவரும் பண்டத்துக்கு அங்கே பசலூபொங் என்று தனிச்சொல்லே உண்டு. மகள் தங்கியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர், ஆய்வகத்தார், அந்த இரவு வேலைப் பையன் எல்லாருக்கும் ஒரு பொட்டலம் வேண்டும். திரும்பும்போது பெட்டியில் இடம் விட்டு வையுங்கள். லோஸ் பான்யோஸின் இளந்தேங்காய்ப் பணியாரம் ஒன்று உண்டு, புகோ பை என்பார்கள், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு அட்டைப்பெட்டியில் தருவார்கள். வேண்டாம் என்றாலும் கையில் திணித்துவிடுவார்கள்.

வாசலுக்கு அருகில் அந்தச் சாப்பாட்டுக் கடை இன்னும் இருக்கிறது. நானாயிடம் சொல்லி வைக்கிறேன்.